வண்ணப் படமும் வாய்ச்சொல்லும்

பிறர் செய்த வேலையில் குறை கண்டால் அதனை எப்பொழுது, எவ்விதம் எடுத்துரைப்பது? உபாசகர்கள் பலர் நம்மிடம் இக்கேள்வியைக் கேட்டதுண்டு. விடை தெரிந்தவரைப் போல நாமும் கூறி வந்தோம். சென்ற ஆண்டு மும்பை தாராவியில் ஒரு நினைவு நாள் நிகழ்ச்சிக்குப் பின் அந்தத் துணிவு குறைந்துவிட்டது.

அவ்வீட்டு மூதாட்டி திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து, இட்டிலி அவித்து விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர். அவருக்கெனத் தனிப்படம் ஒன்றுமில்லை. உறவினர் திருமணத்தில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தில் ஓரமாக நின்றிருந்தார். பக்கத்து இளைஞர் ஒருவர் அவ்வுருவத்தை மட்டும் பிரித்தெடுத்துப் பெரிதாக்கி, கணினியில் வண்ணம் தீட்டி, சட்டமிட்டுக் கொண்டுவந்தார். கூலி வாங்கவில்லை.

வந்தவர்கள் எல்லோரும் அருமை, அருமை என்றனர். நாம் உற்று நோக்கினோம். கறுத்த மேனி கோதுமை நிறமாகியிருந்தது. முன்கையில் குத்தியிருந்த பச்சையைக் காணோம். கழுத்திலே, அவர் ஒருநாளும் அணிந்திராத தங்கச் சங்கிலி. “தம்பி, இது யாருடைய படம்?” என்று கூட்டத்தின் நடுவே கேட்டோம். சிலர் சிரித்தனர். இளைஞர் தலை கவிழ்ந்து, உண்ணாமலே போய்விட்டார். இரண்டு மாதம் சங்கக் கூட்டத்துக்கும் வரவில்லை.

நாம் பொய் சொல்லவில்லை. ஆனால் பிறர் குற்றத்தை எடுத்துரைக்கப் புகும் பிக்கு ஏற்ற காலம், உண்மை, மென்சொல், பயன், மைத்திரி ஆகிய ஐந்தையும் தம்முள் நிறுத்திக்கொள்ள வேண்டுமென்பது விநய பிடகத்தின் விதி. அன்று நம்மிடம் இருந்தது உண்மை ஒன்றே. உண்மை கையிலிருந்தால் மற்ற நான்கும் தாமே வந்துவிடும் என்றெண்ணுவது மேடையேறிப் பழகியோரின் நோய்.

நமக்கு அது ஆலையிலேயே தொற்றியது. 1982 ஆம் ஆண்டின் பெரிய வேலைநிறுத்தத்துக்குப் பின்னும் ஓடிய ஆலையொன்றில், நெய்துவந்த துணியை விரித்துக் குறை பார்க்கும் மேசையருகே பல ஆண்டுகள் நின்றோம். இழை அறுந்த இடம், எண்ணெய்க் கறை பட்ட இடம் யாவற்றையும் குறியிட வேண்டும். நெய்தவன் யார், அன்று தறி எப்படி ஓடிற்று என்று எவரும் கேட்பதில்லை. துணிக்கு அது போதும்.

படத்துக்குப் போதாது. கறுப்பு வெள்ளைப் படத்தில் பதிந்திருப்பது ஒளியின் அளவு மட்டுமே. சிவப்புச் சேலையும் பச்சைச் சேலையும் அதில் ஒரே சாம்பலாக விழக்கூடும். 19 ஆம் நூற்றாண்டிலேயே நம் நாட்டில் புகைப்படத்தின்மேல் தூரிகையால் வண்ணம் பூசிய ஓவியர்கள் இருந்தனர். அவர்களும் ஆளைப் பார்த்தோ, கேட்டோ, ஊகித்தோதான் பூச வேண்டியிருந்தது. 1990 இல் வெளிவந்த போட்டோஷாப்பும் இறந்தவரின் மேனி நிறத்தை அறியாது. உடன் வாழ்ந்தவர்களே அறிவர். ஆகவே இத்தொழிலில் பிறர் கருத்தைக் கேட்பது வேலையின் பாதி.

கேளாமல் தீட்டினால் எங்கே கொண்டுபோய் விடும் என்பது 2021 இல் தெரிந்தது. கம்போடியாவில் 1975 முதல் 1979 வரை நடந்த க்மேர் ரூஜ் ஆட்சியில், புனோம் பென் நகரத்துப் பள்ளியொன்று துவோல் சிலெங் சிறையாக்கப்பட்டது. 12,000-க்கும் மேற்பட்டோர் அதில் அடைக்கப்பட்டனர். உயிர்பிழைத்தோர் மிகச் சிலரே. சிறைப்பட்டபோது எடுத்த அவர்தம் படங்களுக்கு அயர்லாந்துக் கலைஞர் ஒருவர் வண்ணம் தீட்டினார். சில முகங்களில் புன்னகையும் சேர்ந்திருந்தது. வைஸ் என்னும் செய்தி நிறுவனம் அவற்றை வெளியிட்டது. உறவினர்களும் கம்போடியப் பண்பாட்டு அமைச்சகமும் கண்டித்தபின் நீக்கிற்று. அக்கலைஞரைத் தனியே அழைத்து மென்மையாகச் சொல்லியிருக்கலாமே என்று எவரேனும் கேட்டால் நாம் ஒப்பமாட்டோம். உலகறியச் செய்த பிழையை உலகறியவே மறுக்க வேண்டும்; அம்முகங்களுக்குரியோர் எழுந்து வந்து பேச இயலாது.

தாராவி வீட்டிலோ இருபது பேர். பேசக்கூடிய மகளும் அருகிலேயே இருந்தார். அவரை நாம் ஒரு சொல் கேட்கவில்லை. பிறகு கேட்டபோது அவர், “சங்கிலி போடச் சொன்னது நான்தான், ஐயா. ஆயுளில் அம்மா கழுத்தில் ஏறாதது, படத்திலாவது ஏறட்டும் என்றேன்” என்றார்.

செம்பூரில் அவ்விளைஞர் வேலை செய்யும் ஸ்டூடியோவுக்குச் சென்றோம். மழைக்கால வாசம் முடிந்ததும் பிக்குகள் தம்மிடம் பிறர் கண்ட, கேட்ட, ஐயுற்ற குறைகளைக் கூறுமாறு தாமே வேண்டிக்கொள்ளும் வழக்கம் பவாரணை எனப்படும். அதை நினைத்து, முதலில் நம் குறையைச் சொல்லும்படி அவரிடம் கேட்டோம். சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, “நீங்கள் சொன்னது சரிதான், ஐயா. ஆனால் அவர்கள் சிரித்தபோது நீங்களும் சிரித்தீர்கள்” என்றார். நாம் சிரித்தது நமக்கு நினைவே இல்லை.

பச்சையைப் பழைய படத்தின் ஈரக் கறை என்றெண்ணி அழித்தாராம். ஸ்டூடியோவுக்கு வருவோர் எல்லோரும் நிறத்தை வெளுக்கச் சொல்வதால் கை அப்படியே பழகிவிட்டதாம். கறுப்பை அழுக்கென நம் மக்களுக்குக் கற்பித்தவர்கள் யாரென்று வாசகர்கள் அறிவர். நயத்துக்காக இதில் வாய்மூடியிருந்தால் நாமும் குற்றவாளியே. இம்முறை தனியே, அவர் பக்கத்தில் அமர்ந்து சொன்னோம். நெடுநேரம் விவாதித்தார், சிலவற்றில் அவர் சொன்னதே சரி.

அடுத்த ஞாயிறன்று மகளையும் அழைத்துவந்தோம். அவர் தம் கையைக் கணினித் திரையருகே நீட்டி, “அம்மா என்னைவிட ஒரு படி கறுப்பு” என்றார். நிறம் திரும்பியது, பச்சையும் திரும்பியது. சங்கிலியை எடுத்துவிடவா என்று இளைஞர் நம்மைக் கேட்டார். நாம் மகளைப் பார்த்தோம். அது இருக்கட்டும் என்றார். பேரப்பிள்ளைகள் பின்னாளில் மயங்கக்கூடுமே என்று சொன்னோம். இளைஞர் படத்தைத் திருப்பி, பின் அட்டையில் எழுத மகளிடம் பேனாவைக் கொடுத்தார்: “சங்கிலி மகள் போட்டது.”