சதுரங்கமும் ஐயமும்

சதுரங்கத்தில் வஞ்சகம் நிகழுமிடத்து வெற்றி மட்டுமே களவு போகின்றது என்பார் பலர். உண்மையில் இழப்பு அதனினும் பெரியது. இரு மனங்கள் துணையின்றித் தனித்துப் பொருதுவதே அவ்விளையாட்டின் இயல்பு. அத்தனிமையைக் கையடக்கக் கணனி குலைத்துவிட்டது. 1997இல் காஸ்பரோவை வென்ற டீப் புளூ, விநாடிக்கு ஏறத்தாழ 20 கோடி நிலைகளை ஆராய்ந்த பெரும் பொறி. அதனை எவரும் சட்டைப்பையில் ஒளித்திருக்க முடியாது. 2009இல் புவனஸ் அயர்சில் நடைபெற்ற சுற்றுப்போட்டியொன்றிலோ, கைத்தொலைபேசியில் இயங்கிய பொக்கற் ஃபிறிட்ஸ் 4 என்னும் செயல்நிரல் பத்து ஆட்டங்களில் ஒன்பதை வென்று, ஒன்றைச் சமன் செய்தது. அது யாவரும் அறியப் பங்குகொண்ட போட்டி. மறைவில் நிகழ்வனவே நம்மைக் கலங்கச் செய்வன.

2006இல் புதுடில்லியில், தொப்பிக்குள் புளூடூத் கருவியைத் தைத்துவைத்து, வெளியிலிருந்தோர் அனுப்பிய நகர்வுகளைப் பெற்ற ஆட்டக்காரர் ஒருவருக்குப் பத்தாண்டுத் தடை விதிக்கப்பட்டது. அவருடைய தரப்புள்ளிகள் வழக்கத்துக்கு மாறாக விரைந்து உயர்ந்தமை முன்னரே ஐயத்தை எழுப்பியிருந்தது. அவ்வையம் பிழைக்கவில்லை. ஆயினும் அறச்சிக்கல் இங்கேதான் தொடங்குகின்றது. சென்னைச் சிறுவன் பிரக்ஞானந்தா 2016இல், பத்து வயதில், சர்வதேச மாஸ்டர் பட்டம் பெற்றதும் வியத்தகு விரைவே. விரைந்த உயர்வு கள்ளனுக்கும் உண்டு; மேதைக்கும் உண்டு. அடையாளம் ஒன்றாயிருக்க, ஒருவரை வியப்பதா ஐயுறுவதா என்பதை எது தீர்மானிக்கின்றது? பெரும்பாலும் அவர் எங்கிருந்து வந்தார் என்பதே.

மலையகத்து நகரொன்றில் நடந்த பாடசாலைப் போட்டியில் நான் கண்டதை ஈண்டுக் கூறுதல் தகும். நுவரெலியாப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை மாணவன் ஒருவன் தொடர்ந்து மூன்று ஆட்டங்களை வென்றான். தோற்ற பிள்ளையின் ஆசிரியர் அவனுடைய காற்சட்டைப் பையைச் சோதிக்குமாறு கேட்டார், சோதித்தார்கள். ஒரு கைலேஞ்சி இருந்தது. எதிரே இருந்தவனின் பையைச் சோதிக்க எவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

கைத்தொலைபேசி ஒலித்தாலே ஆட்டம் இழக்கப்படும் என்ற விதியைக் கொடியதென்பர் சிலர். 2003இல் புளொவ்டிவ் நகரில், சர்வதேச சம்மேளனத்தின் அன்றைய உலகச் சம்பியனான பொனமரியோவ் இவ்விதமே ஓர் ஆட்டத்தை இழந்தார். அவர் வஞ்சித்தார் என்று எவரும் கூறவில்லை. பின்னர் விதி மேலும் இறுகி, அனுமதியற்ற கருவியை ஆடுகளத்தில் உடன் வைத்திருத்தலே குற்றமாயிற்று. குற்றமற்றவர் தண்டிக்கப்படலாம் என்பது மெய்யே. ஆனால் அவ்விதி எவருடைய முகத்தையும் பார்ப்பதில்லை. சம்பியனுக்கும் சிறுவனுக்கும் ஒன்றே. கொழுந்து நிறுக்குமிடத்தில் நம் தாய்மார் வேண்டிநிற்பது கணக்கப்பிள்ளையின் நற்குணத்தை அன்று. முள் நிற்குமிடம் தம் கண்ணுக்கும் தெரியவேண்டும் என்பதையே. கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழிக்கப்படும் நிறையைப் பற்றிப் பேசிப் பேசி ஓய்ந்தவர்கள் அவர்கள்.

விதியின் கை எட்டாத இடமும் உண்டு. 2021இல் நிவாரண நிதிக்காக இணையவழி நடந்த ஆட்டத்தில், இந்தியத் தொழிலதிபர் ஒருவர் கணனியின் துணையோடு விஸ்வநாதன் ஆனந்தை வென்றார்; பின்னர் உண்மையை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அவரது கணக்கு முடக்கப்பட்டுச் சில நாள்களில் மீளவும் வழங்கப்பட்டது. நற்பணிக்கான ஆட்டம் ஆதலின் அம்மன்னிப்பை நான் குறை கூறேன். எனினும் வஞ்சித்தமையை ஒப்புக்கொண்ட செல்வருக்குக் கிட்டிய பெருந்தன்மையையும், வஞ்சியாத சிறுவனின் பைக்குள் நுழைந்த கையையும் ஒருங்கே எண்ணாதிருக்க முடியவில்லை.

அடுத்த ஆண்டுப் போட்டிக்கு மண்டப வாயிலில் ஒரு கூடை வைக்கவேண்டும் என அமைப்பாளர்களிடம் கேட்டிருக்கிறேன். ஆட்டக்காரர் அனைவரின் தொலைபேசிகளும் அதில் இடப்படவேண்டும், ஆசிரியர்களுடையனவும், நடுவருடையதும்.