ஒரே ஒரு புள்ளி

2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் நடந்த கேரளப் பள்ளிக் கலைவிழாவான கலோத்சவத்தில் திருச்சூருக்கு 1008 புள்ளி, பாலக்காட்டுக்கு 1007. பாலக்காட்டுக்குத் தங்கக் கோப்பை ஒரே புள்ளியில் கைநழுவியது. 'பி' கிரேடுக்கு 3 புள்ளி, 'ஏ' கிரேடுக்கு 5. 'பி' வாங்கிய யாரோ ஒரு பாலக்காட்டுப் பிள்ளைக்கு 'ஏ' கிடைத்திருந்தால் கதையே வேறு. "உன்னாலதான் போச்சு" என்று வகுப்பில் யாராவது சொல்லிவிட்டால், அடுத்த வருஷம் குழு நடனத்துக்கு அந்தப் பிள்ளை பேர் கொடுக்குமா?

ஜெயித்த பிள்ளையிடமும் சிக்கல் உண்டு. 'நான் இல்லாட்டி இவங்களால முடியுமா' என்ற நினைப்பு வந்துவிட்டால், அந்தப் பிள்ளையோடு சேர்ந்து ஆடுவது பெரும்பாடு. தனி ஒருவரைத் தூக்கிவைத்த கலாதிலகம், கலாபிரதிபா பட்டங்களைக் கேரளம் எப்போதோ கைவிட்டது. பிறகு முதலிடமும் இரண்டாமிடமும் போய் கிரேடு மட்டும் மிஞ்சியது. நல்ல முடிவுதான். என்ன, கிரேடை எதிர்த்து அப்பீல் போடும் பெற்றோர்தான் இன்னும் ஓயவில்லை.

அதே 2025 கலோத்சவத்தில்தான் பழங்குடி ஆட்டங்களான அட்டப்பாடி இருளர் நடனம், குமுளிப் பக்கத்துப் பளியர் நடனம், மறையூர் மலைப்புலையர் ஆட்டம் ஆகியவை முதன்முறையாகப் போட்டியில் சேர்ந்தன. மூன்றுமே கூட்டமாக ஆடுபவை; ஒருவர் கால் பிசகினால் எல்லாருக்கும் கிரேடு குறையலாம். யூடியூப் பார்த்து அந்த அடவு படியாது. கொட்டுக்கும் குழலுக்கும் காலை எப்படி மாற்றுவது என்று காட்டித்தர அந்தந்தச் சமூகத்து ஆட்களே வேண்டும். மலையேறிப் போய்க் கேட்டவர்கள் கோப்பை ஆசையில்தான் போயிருப்பார்கள். போகட்டுமே.