கை பதறக் கூடாது

முதல் நாள் என் தியானம் மூன்று நிமிடத்தில் முடிந்துபோனது. மொட்டைமாடியில் கோரைப்பாயை விரித்து, சம்மணம் போட்டு, கண்ணை மூடி, மூச்சை ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தேன். மூன்றில் மூக்கு அரித்தது. நான்கில், மார்ச் 14ஆம் தேதித் தாளில் எமகண்டத்தைச் சரிபார்த்தோமா என்று சந்தேகம் வந்தது. எழுந்துபோய் செல்போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. திரும்ப உட்காரவில்லை.

நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவன். தினசரி காலண்டர்தான் பிழைப்பு. ஆடிப்பெருக்கன்று அடுத்த வருட ஆல்பம் வெளியானதும் தொடங்குகிற ஓட்டம் டிசம்பர் கடைசியில்தான் நிற்கும். 365 தாள், தாளுக்குத் தாள் நல்ல நேரம், ராகுகாலம், குளிகை. ஊருக்கெல்லாம் நல்ல நேரம் திருத்திக் கொடுக்கிறவனுக்கு ஐம்பத்தோரு வயதில் ரத்த அழுத்தம் எகிறியது. டாக்டர் மாத்திரையை எழுதிவிட்டு, "காலையில பத்து நிமிஷம் சும்மா உக்காருங்க சார், அதுவும் ஒரு மருந்துதான்" என்றார்.

எங்கள் தாயில்பட்டியில் 'சும்மா இருக்கான்' என்றால் வேலைவெட்டி இல்லாமல் இருக்கிறான் என்று அர்த்தம். வெம்பக்கோட்டை வட்டத்துக் கரிசல் ஊர். மழையை நம்பி விதைக்கிற பூமி. வானம் பொய்த்தால் எங்கள் வாயில் 'பயராபீஸ்' ஆகிப்போன பட்டாசு ஆலையும், தீப்பெட்டி ஆபீசும்தான் கஞ்சி ஊற்றும். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை விதித்தது. நவம்பரில் ஆலைகளை மூடினார்கள், மாதக்கணக்கில் திறக்கவில்லை. அப்போது சுற்றுவட்டாரமே சும்மா இருந்தது. வேப்பமரத்தடியில், டீக்கடை பெஞ்சில், வாசல் திண்ணையில் ஆட்கள் உட்கார்ந்தே இருந்தார்கள். அந்தச் சும்மாவில் ஒருவருக்கும் ஞானம் பிறக்கவில்லை. அடகுக்கடைச் சீட்டுதான் சேர்ந்தது. சும்மா இருப்பதன் சுகத்தைத் தாயுமானவர் பாடியிருக்கிறார் என்று எனக்கும் தெரியும். ஆனால் கூலி நின்றுபோனவனிடம் அதை எடுத்துச் சொல்ல எனக்கு வாய் வராது. நானாக உட்காருவது வேறு, உட்கார வைக்கப்படுவது வேறு.

சரி, நானாக உட்கார்ந்தாலும் ஏன் முடியவில்லை? ஒரு வாரம் முயன்று பார்த்தேன். கால் மரத்தது. தூக்கம் வந்தது. தூக்கம் வராத நாட்களில் தம்பி வந்தான். அப்பா விட்டுப்போன காட்டில் வரப்புத் தகராறு. அவனோடு பேச்சுவார்த்தை நின்று மூன்று வருடம். கண்ணை மூடினால் போதும், அவனோடு வழக்காட ஆரம்பித்துவிடுவேன். அவன் பேச்சையும் நானே பேசி, என் பதிலையும் நானே சொல்லி, கடைசியில் ஜெயித்துவிட்டு எழுந்திருப்பேன். இறங்கி வரும்போது உட்காருவதற்கு முன் இருந்ததைவிட நெஞ்சு வேகமாக அடித்துக்கொண்டிருக்கும்.

இது என் ஒருவனுடைய கோளாறு இல்லை என்று ஒரு செய்தியைப் படித்தபோது ஆறுதலாக இருந்தது. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014ல் வெளியிட்ட சோதனை அது. ஆட்களை ஓர் அறையில் தனியாக 15 நிமிடம் உட்கார வைத்தார்கள். கையில் போன் இல்லை, புத்தகம் இல்லை. வேண்டுமானால் ஒரு பொத்தானை அழுத்திக் கொள்ளலாம். அழுத்தினால் ஷாக் அடிக்கும். அந்த ஷாக்கை முன்பே ஒரு தடவை வாங்கிப் பார்த்து, காசு கொடுத்தாவது இதைத் தவிர்ப்பேன் என்று சொன்னவர்கள்தான் கணக்கில். 18 ஆண்களில் 12 பேரும், 24 பெண்களில் 6 பேரும் பொத்தானை அழுத்தினார்கள். தன்னோடு தான் தனியாக இருப்பதற்கு ஷாக்கே தேவலை என்று தோன்றியிருக்கிறது. நான் மார்ச் மாத எமகண்டத்தைத் தேடி ஓடியதும் அப்படி ஒரு பொத்தான்தான்.

உட்காரத் தெரிந்தவர் யார் என்று கேட்டால் எங்கள் மாவட்டத்துக்காரர் ஒருவரையே காட்டலாம். 1879ல் திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், பிற்காலத்து ரமண மகரிஷி. 1896ல், பதினாறு வயதில், மதுரையில் சித்தப்பா வீட்டில் இருக்கும்போது திடீரென்று மரண பயம் கவ்வியது. பயந்து ஓடாமல், பிணம்போலக் கையைக் காலை நீட்டி விறைத்துப் படுத்து, சாவது எது என்று பார்த்தார். அந்த வருடம் செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தார். அங்கே பாதாள லிங்கக் குகையில், பூச்சிகள் தொடையை அரித்துப் புண்ணாக்கியதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார் என்கிறார்கள். மூன்று நிமிடத்தில் தோற்று எழுந்தவனுக்கு இந்தக் கதை தெம்பு தராது, மிரட்டும். எனக்குக் கைகொடுத்தது அவருடைய பிற்கால வாழ்க்கைதான். ஆசிரமத்தில் விடியும் முன் அடுக்களைக்கு வந்து காய் நறுக்குவார், சட்னி அரைப்பார். ஒன்றையும் வீணாக்க விடமாட்டார். அசையாமல் இருப்பதைக் கற்றவர் கடைசியில் வந்து நின்றது அருவாமணைக்குப் பக்கத்தில்.

அதைப் படித்த அன்றுதான் கீழே வாசலில் உட்கார்ந்திருந்த அம்மா கண்ணில் பட்டாள்.

அம்மா இருபத்தெட்டு வருடம் பயராபீசில் பூச்சட்டிக்கு மருந்து அடைத்தவள். எண்ணிக்கைக்குக் கூலி. சாயங்காலம் வீடு திரும்பும்போது அலுமினியப் பவுடர் ஒட்டிய கை, பூசாரி வெள்ளிக்கவசம் போட்டுவிட்டதுபோல மின்னும். எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் வெள்ளி நிற்கும். அந்தக் கையால்தான் சோறு பிசைந்து கொடுப்பாள்.

"எம்மா, மருந்து ரூம்ல உக்காந்திருக்கும்போது மனசுல என்ன ஓடும்?" என்று கேட்டேன்.

"எல்லாந்தான் ஓடும். ஒன் பீசு, ஒங்கப்பா கட்ட வேண்டிய சீட்டுப் பணம், ராத்திரிக்கு என்ன கொழம்பு. ஓடுனா ஓடிட்டுப் போகுதுன்னு விட்ருவேன்யா. கை மட்டும் பதறக் கூடாது."

நான் படித்த எந்தத் தியானப் புத்தகமும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

மருந்து அறை எப்படி இருக்கும் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். நைலான் சேலை கூடாது, பருத்திதான். செல்போன் கேட்டோடு சரி. தரையில் ரப்பர் விரிப்பு. இரும்புச் சாமான் ஒன்றும் உள்ளே வரக் கூடாது, பித்தளையும் மரமும்தான். நுழையும் முன் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போகச் சொல்கிறார்கள். உடம்பில் தேங்கியிருக்கும் நிலைமின்சாரம் அதன் வழியே மண்ணுக்குள் இறங்கிவிடும். இத்தனை கட்டுப்பாடும் பெரும்பாலும் ஒரே எதிரிக்காக. வெடியுப்பும் கந்தகமும் அலுமினியமும் கலந்த தூள் அது பாட்டுக்குக் கிடக்கும். தேய்த்தால், இடித்தால், ஒரு பொறி பட்டால் சீறும். உராய்வுதான் எமன்.

மாடியில் எனக்கு நடந்ததும் அதுதானே? தம்பியின் நினைப்பு வருவதில் ஆபத்து ஒன்றும் இல்லை. வரப்பு, வழக்கு, அவன் சொன்ன சொல் எல்லாம் மனசுக்குள் கிடக்கிற மருந்து. நான் அதை எடுத்து வைத்துத் தேய்க்கிறேன். தியானம் என்றால் மனசைத் துடைத்துக் காலி செய்வது என்று நினைத்து, வருகிற நினைப்பையெல்லாம் விரட்டிக்கொண்டிருந்தேன். விரட்டுவதும் தேய்ப்பதுதான். அன்றிலிருந்து விரட்டுவதை விட்டேன். தம்பி வந்தால் வரட்டும். பதில் மட்டும் சொல்லமாட்டேன். மூச்சு எந்த எண்ணில் விட்டுப்போனதோ தெரியாது, மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுவேன். பத்து நிமிடத்தில் முப்பது தடவை ஒன்றுக்குத் திரும்பியிருக்கிறேன். முதலில் அதைத் தோல்வி என்று எண்ணினேன். இப்போது அந்தத் திரும்பி வருவதுதான் வேலையே என்று படுகிறது.

அம்மாவிடம் இன்னொரு பாடமும் இருந்தது. கலந்த மருந்தை மறுநாளைக்கு மிச்சம் வைக்கக் கூடாது. ஈரம் பட்டு, உள்ளுக்குள் சூடேறி, யாரும் தொடாமலே பற்றிக்கொள்ளும். அன்றன்றைக்குக் கலந்ததை அன்றே தீர்க்க வேண்டும், மிஞ்சினால் அழித்துவிட வேண்டும். இதை அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டு முருங்கைக்கீரை உருவப் போய்விட்டாள். மூன்று வருடமாக மிச்சம் வைத்திருக்கிறவன் வாயைத் திறக்கவில்லை.

இப்படியே போயிருந்தால் நானும் தியானத்தைப் பற்றி நாலு பேருக்கு வகுப்பெடுக்கக் கிளம்பியிருப்பேன். போன வருடம் ஒரு நாள் விடுமுறை. தாமதமாக, ஒன்பது மணிக்கு மேல் உட்கார்ந்தேன். அன்று மூச்சு ஏழு வரை வந்திருந்தது. சத்தம் கேட்டது.

இந்தப் பக்கத்தில் பிறந்தவர்களுக்குச் சத்தம் தெரியும். கல்யாண வீட்டு வெடி காதில் கேட்கும். இது காலில் கேட்கும். தரை ஒரு முறை உதறும், ஜன்னல் கம்பி முனகும், மயில்கள் ஒன்றாக அகவும், அப்புறம் ஒரு நிசப்தம் வரும். அந்த நிசப்தத்தில் ஊரில் உள்ள அத்தனை பேரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: எந்தத் திசை? நான் மாடியிலிருந்து இறங்கி வாசலுக்கு ஓடினேன். அம்மா என் கையைப் பிடித்தாள். "நில்லுய்யா. ஒண்ணோட நிக்காது."

அவள் சொன்னதற்குப் பின்னால் 2012 செப்டம்பர் 5 இருந்தது. முதலிப்பட்டி ஆலை விபத்தில் 38 பேர் செத்தார்கள். முதல் வெடிக்குப் பிறகு பார்க்கவும் காப்பாற்றவும் ஓடியவர்களும் அதில் உண்டு. 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் இருபது பேருக்கு மேல். எங்கள் தாயில்பட்டியும் தன் பங்கைக் கொடுத்திருக்கிறது. நின்றேன். அம்மாவின் விரல்கள் என் மணிக்கட்டில் இறுகியிருந்தன. ஆனால் அந்தக் கை பதறவில்லை. என் கைதான் உதறியது. இரண்டாவது சத்தமும் வந்தது. அதற்குப் பிறகு ஆம்புலன்ஸ் வந்தது, நாங்கள் போனோம். அதைப் பற்றி எழுத இது இடமில்லை.

போகும் வழியில் போன் அடித்தது. மூன்று வருடமாக வராத நம்பர்.

"அண்ணே, வீட்ல எல்லாரும் இருக்கீங்களா?"

"இருக்கோம். நீ?"

"நான் சாத்தூர்ல. அம்மாகிட்ட சொல்லிரு."

அவ்வளவுதான். வரப்பு இன்னும் தீரவில்லை.

அதற்குப் பிறகு பல நாள் மாடி ஏறவில்லை. மூச்சை எண்ணிக்கொண்டிருப்பது வெட்கமாக இருந்தது. மருந்து அறையில் அமைதியாக இருக்கத் தெரியாததாலா இந்தப் பெண்கள் சாகிறார்கள்? அம்மாவின் கையைவிட நிதானமான கையை நான் பார்த்ததில்லை. ஆனால் நிதானத்துக்கு நேரம் வேண்டும். எண்ணிக்கைக்குக் கூலி என்றால் கை வேகமெடுக்கத்தான் செய்யும். தீபாவளி நெருங்க நெருங்க ஆர்டர் நெருக்கும். நாலு பேர் உட்காரும் அறையில் கூடுதலாக ஆட்கள் உட்காருவார்கள். அறையை உள்குத்தகைக்கு விட்டவர் வேகத்தைத்தான் கேட்பார். அவசரம் அந்தப் பெண்ணின் மனசிலிருந்து புறப்படுவதில்லை. எங்கேயோ கணக்கு நோட்டில் தொடங்கி அவள் விரலில் வந்து முடிகிறது. அவளுக்குத் தியானம் சொல்லிக் கொடுப்பதைவிட மணிக்கணக்கில் கூலி கொடுப்பது பெரிய தியானம். என் டிசம்பர் ஓட்டமும் அதே நோட்டிலிருந்து வருவதுதான். பிழை விட்டால் எனக்குத் திட்டு கிடைக்கும், அவளுக்கு மறுவாய்ப்புக் கிடைக்காது.

ஆனாலும் மறுபடி ஏறினேன். அன்று வாசலில் நின்ற அந்த ஒரு நிமிடம்தான் காரணம். ஓடத் துடித்த உடம்பை ஒருத்தி பிடித்து நிறுத்தினாள். அந்தப் பிடி பக்கத்தில் எப்போதும் இருக்காது; எனக்குள்ளேயே கொஞ்சம் வேண்டும். அதற்குத்தான் இந்தப் பத்து நிமிடம்.

இப்போது விடிகாலை ஐந்தரைக்கு உட்காருகிறேன். கம்பெனி வேன் தெருமுனையில் ஹாரன் அடித்து ஆட்களை ஏற்றும் நேரம். தூக்குவாளிகள் உரசும் சத்தம் கேட்கும், யாரோ யாரையோ "வெரசா வாடி" என்பார்கள். என் எண்ணிக்கை அங்கேயே விட்டுப்போகும். வேன் திரும்பும்வரை காத்திருந்துவிட்டு, ஒன்றிலிருந்து தொடங்குவேன். நேற்று நாலு வரை போனேன்.