கதவு அடைபடுமுன்

தென்னூர் நெடுஞ்சாலையிலும் அதனையடுத்த தில்லைநகர்க் குறுக்குத் தெருக்களிலும் தேர்வு நாள்களில் ஒரு தனிப் பரபரப்பு நிலவுவதை நாம் கண்டிருக்கிறோம். நுழைவுச்சீட்டும் கறுப்புமைப் பேனாவும் ஏந்திய இளைஞர்கள் ஆட்டோக்களிலிருந்து இறங்கி, தேர்வு மையத்தின் பெயர்ப்பலகையைத் தேடி விரைகிறார்கள். அரசுப் பணித் தேர்வு, பட்டயக் கணக்காளர் தேர்வு, அயல்நாட்டில் செவிலியர் ஆவதற்கான தகுதித் தேர்வு என நம் பிள்ளைகள் எழுதாத தேர்வில்லை. பள்ளியோடும் கல்லூரியோடும் தேர்வு முடிந்துவிட்ட காலம் மலையேறிவிட்டது. முப்பது வயதிலும், கையில் குழந்தையோடும் கூடத் தேர்வெழுதச் செல்வோரை இன்று காண்கிறோம்.

அந்தப் பரபரப்பினிடையே நேரும் இடர்களும் நமக்குப் புதியன அல்ல. 2022ஆம் ஆண்டின் இறுதியில் காவிரிப் பாலம் பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டபோது, திருவரங்கத்திலிருந்து நகருக்குள் வரவேண்டியவர்கள் சுற்றுவழியில் வந்தார்கள். 2025இல் பஞ்சப்பூரில் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டபின், பழைய மத்தியப் பேருந்து நிலையத்தை மனத்தில் வைத்து நேரத்தைக் கணக்கிட்டு வரும் வெளியூர்த் தேர்வருக்கு அக்கணக்குப் பொய்த்துவிடுகிறது. ஒரே பெயருடைய இரு பள்ளிகளில் தவறானதன் வாயிலில் சிலர் போய் நிற்கிறார்கள். அடையாள அட்டையை வீட்டு மேசைமேல் விட்டு வந்தவர்களும் உண்டு. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் காலை 9.30 மணித் தேர்வுக்கு 9 மணியோடு வாயிலை அடைத்துவிடுகிறது. அதன்பின் வருகிறவர் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு மன்றாடுகிறார். காவலர் தலையசைத்து மறுக்கிறார்.

அக்காட்சியைக் காணும் நம் உள்ளத்தில் எழும் முதற் சொல் என்ன? "இரண்டு நிமிடந்தானே, இரங்கக் கூடாதா?" என்பதே. இரக்கத்தை அறங்களுள் தலையாயதாகப் போற்றும் நமக்கு இது இயல்பான கேள்வி. எனினும் அதைச் சற்று நிதானமாக ஆராய்வது நன்று. அடைபட்ட கதவு இரக்கமின்மையின் அடையாளந்தானா?

தொழில் தகுதித் தேர்வு என்பது தேர்வருக்கும் தேர்வு நடத்துவோர்க்கும் இடையிலான விவகாரம் மட்டுமன்று. அக்கூடத்தில் கண்ணுக்குத் தெரியாத மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். செவிலியர் தேர்வில் அவர், நாளை மருந்தின் அளவு பிழையாமல் ஊசி போடப்படவேண்டிய நோயாளி. பட்டயக் கணக்காளர் தேர்வில் அவர், தணிக்கையாளரின் கையொப்பத்தை நம்பித் தம் சேமிப்பை ஒரு நிறுவனத்தில் இடும் ஓய்வூதியர். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம், ஒவ்வொரு தாளிலும் குறைந்தது 40 விழுக்காடும் தொகுதி முழுமைக்கும் 50 விழுக்காடும் பெற்றவரையே தேர்ச்சியுற்றவராகக் கொள்கிறது. மற்றத் தாள்களில் எவ்வளவு உயர்ந்தாலும் ஒரு தாளில் 39 பெற்றவர் அத்தொகுதியில் தேறுவதில்லை. இது கொடுமை போலத் தோன்றும். ஆனால் கணக்கறிந்து சட்டம் அறியாத தணிக்கையாளரால் வரும் இழப்பு, அந்த ஓய்வூதியரின் தலையில் அன்றோ விழும்? அவர் வாயிலில் வந்து மன்றாடுவதில்லை. அதனால் அவருக்குரிய நீதியை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

மறந்ததன் விளைவை நம் மாநிலமே கண்டது. 2019 செப்டம்பரில் நடந்த தொகுதி 4 தேர்வில், இராமேசுவரம், கீழக்கரை மையங்களை மையமாக வைத்து முறைகேடு நிகழ்ந்தது. சிறிது நேரத்தில் மறைந்துவிடும் மையால் விடை குறித்தமை வெளிப்பட்டது. 2020 சனவரியில் தேர்வாணையம் 99 பேருக்கு வாழ்நாள் தடை விதித்தது. தங்களுக்கு மட்டும் ஒரு தனி வாயில் திறந்துகொண்டவர்கள் அவர்கள். அவர்களால் வேலை இழக்கவிருந்தவர்களோ, விளக்கொளியில் விழித்துப் படித்த ஏழை வீட்டுப் பிள்ளைகள். வாயில் வழியாக நுழையாமல் வேறு வழியாக ஏறிக் குதிப்பவனைக் குறித்து நம் ஆண்டவர் கூறியதை இங்கு நினைவுகூரலாம்.

எனினும் எல்லா இடர்களையும் தேர்வர் தலையிலேயே சுமத்துவது அறமாகாது. 2023 பிப்ரவரி 25 அன்று நடந்த தொகுதி 2 முதன்மைத் தேர்வில், விடைத்தாள்களில் அச்சிட்டிருந்த பதிவெண்கள் தேர்வர்களின் வரிசையோடு பொருந்தாமையால் பல மையங்களில் தேர்வு தாமதமாகத் தொடங்கியது. இழந்த நேரம் ஈடு செய்யப்பட்டது. பிற்பகல் தேர்வும் அரை மணி நேரம் தள்ளி வைக்கப்பட்டது. அங்கே வழங்கப்பட்டது இரக்கமன்று, நீதி. பிறர் பிழையால் இழந்ததைத் திரும்பக் கேட்பவர் சலுகை கேட்பதில்லை, உரிமையையே கேட்கிறார். இவ்விரண்டையும் பிரித்தறியாவிடில், உரியவர்க்குக் கொடுக்கவேண்டியதைப் பிச்சையாக்கிவிடுவோம். உரிமை இல்லாததை உரிமையாகக் கேட்கவும் தொடங்குவோம்.

இந்த இடத்தில் பத்துக் கன்னியரின் உவமை நம் நினைவுக்கு வருகிறது. தூய மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் உள்ள அவ்வுவமையைக் கேட்கும்போதெல்லாம் நம்மில் பலர் உள்ளூரச் சங்கடப்படுகிறோம். எண்ணெய் வைத்திருந்தவர்கள் இல்லாதவர்களோடு பகிர்ந்துகொள்ள மறுக்கிறார்கள். மணமகன் கதவை அடைத்துவிடுகிறார். இரண்டு அங்கியுடையவன் இல்லாதவனோடு பகிரட்டும் என்று கற்ற நமக்கு இது எப்படிப் பொருந்தும்?

தேர்வுக்கூடத்தை எண்ணிப் பார்த்தால் இது விளங்குகிறது. பகிரக்கூடியவை உண்டு, பகிரமுடியாதவையும் உண்டு. பேருந்துக் கட்டணத்தைப் பகிரலாம், குறிப்பேட்டைப் பகிரலாம், கட்டுச்சோற்றையும் பகிரலாம். ஆனால் ஈராண்டு நாள்தோறும் அமர்ந்து கற்றதனால் ஒருவருள் விளைந்த தெளிவை, தேர்வு மணி அடித்தபின் மற்றவர்க்கு ஊற்றிக் கொடுக்க இயலாது. கொடுக்க மனமில்லாமல் அன்று. அது கொடுக்கக்கூடிய பொருளே அன்று. எண்ணெயை மறுத்தவர்களிடம் தன்னலம் காண்கிற நாம், அந்த எண்ணெயின் இயல்பைக் காணத் தவறுகிறோம்.

உவமையில் இன்னொரு செய்தியும் உண்டு. பத்துப் பேருமே உறங்கினார்கள். முன்மதியுடைய ஐவரும் உறங்கினார்கள். அவர்களை வேறுபடுத்தியது விழிப்பு அன்று, உறங்குமுன் செய்த ஆயத்தம். தேர்வுக்கு முந்திய இரவு முழுதும் தேநீர் அருந்தி விழித்திருப்பதையே ஆயத்தம் என்று எண்ணும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் வேரூன்றியிருக்கிறது. பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் சின்னத்தில் கடோபநிடதத்திலிருந்து எடுத்த ஒரு தொடர் உள்ளது. அதை வழங்கியவர் அரவிந்தர். உறங்குவோரிடையே விழித்திருப்பவரைப் பற்றியது அது. அங்குச் சொல்லப்படும் விழிப்பு, கண்ணின் விழிப்பன்று என்பதை அத்தேர்வை எழுதுவோர் அறிந்துகொள்வது நலம். நாள்தோறும் சிறிது கற்று, வாரந்தோறும் அதை மீள நினைத்து, பழைய வினாத்தாள்களை மணி பார்த்து எழுதிப் பழகியவர் முந்திய இரவில் உறங்கலாம். விளக்கருகே எண்ணெய் இருக்கிறது.

முன்மதியைத் திருச்சபை நான்கு தலையாய நற்பண்புகளுள் ஒன்றாகக் கொள்கிறது. புனித தோமா அக்குவினாஸ் அதன் கூறுகளை விரித்துரைக்கையில் நினைவாற்றல், பிறர் சொல் கேட்டுக் கற்கும் பணிவு, வருவதை முன்னறிதல், சூழலை நோக்குதல், எச்சரிக்கை ஆகியவற்றையும் சேர்க்கிறார். ஆகவே முந்திய நாளே தேர்வு மையத்தை நேரில் சென்று பார்த்து வருவதும், நுழைவுச்சீட்டில் உள்ள சிறிய எழுத்துகளைப் படிப்பதும் வெறும் சாமர்த்தியம் அல்ல. அவையும் அறத்தின் பயிற்சியே. திருமுழுக்குப் பதிவேட்டில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், கடவுச்சீட்டில் தலைப்பெழுத்து விரிந்து தந்தை பெயரே குடும்பப் பெயரான மற்றொரு பெயர் என நம் பிள்ளைகள் பலர் மூன்று பெயர்களோடு வாழ்கிறார்கள். அமெரிக்காவில் செவிலியராவதற்குரிய என்கிளெக்ஸ் தேர்வில், பதிவு செய்த பெயரும் அடையாளச் சான்றின் பெயரும் ஒத்திராவிடில் கூடத்திற்குள் விடமாட்டார்கள். இதை ஆறு திங்களுக்கு முன்பே சரிபார்ப்பதுதான் முன்மதி.

அப்படியாயின் மன்றாட்டுக்கு இடமில்லையா? உண்டு. தேர்வர்களின் பாதுகாவலராகப் போற்றப்படும் குப்பெர்தினோ நகர்ப் புனித சூசை (1603–1663) படிப்பில் மிகவும் பின்தங்கியவர். குருத்துவத்திற்கு முந்திய தேர்வில், அவர் நன்கறிந்திருந்த ஒரே நற்செய்திப் பகுதியையே ஆயர் கேட்டார் என்றும், அடுத்த தேர்வில் முதலில் வந்தவர்கள் சிறப்பாக விடையளித்ததால் எஞ்சியோரை வினவாமலே ஆயர் ஏற்றுக்கொண்டார் என்றும் அவர் வரலாறு கூறுகிறது. இதைக் கேட்டு, படிக்காமலே மெழுகுதிரி ஏற்றலாம் என்று எண்ணுவோர் உளர். ஆனால் அவர் தம்மால் இயன்ற அளவும் படித்தவர் என்பதை நாம் மறக்கலாகாது. படிக்கக்கூடியவர் படியாமல் வந்து இறைவனிடம் தேர்ச்சி கேட்பது, கோவில் உச்சியிலிருந்து குதித்துவிட்டு வானதூதர் தாங்குவர் என எதிர்பார்ப்பதற்கு ஒப்பாகும். அந்தச் சோதனையை நம் ஆண்டவர் மறுத்துவிட்டார். புதன்கிழமைச் சகாயமாதா நவநாளில் நாம் கேட்கவேண்டியது கற்றது மறவாமல் இருக்கவும், கலங்காமல் எழுதவும், தெரியாததைத் தெரியாது என ஒப்புக்கொள்ளவும் வேண்டிய அருள். தேர்வாணையத்தின் விடைத்தாளில் 2020க்குப் பின் விடை தெரியவில்லை என்று குறிப்பதற்கென ஐந்தாவது வட்டம் ஒன்று சேர்க்கப்பட்டுள்ளது. மனிதர் உண்மை பேசுவதற்கு இத்தனை சிறிய இடமும் போதும்.

இனி, நாம் தொடங்கிய கேள்விக்கு வருவோம். இரக்கத்தின் இடம் எது? கதவு அடைபடும் அந்தக் கணத்தில் நாம் அதைத் தேடுகிறோம். ஆனால் அதன் உண்மையான இடங்கள் இரண்டு. ஒன்று, கதவு அடைபடுமுன். உவமையின் பத்துப் பேரும் ஒன்றாகப் புறப்பட்டவர்கள்தாம். பொழுது சாயுமுன், "உன் கலயத்தில் எண்ணெய் உண்டா?" என்று ஒருத்தி மற்றொருத்தியைக் கேட்டிருந்தால், கடை திறந்திருந்த நேரத்தில் எல்லாருமே வாங்கியிருக்கலாம். ஒற்றை அறை வீட்டில், தொலைக்காட்சி ஓசையின் நடுவே படிக்கும் பிள்ளைக்கு நம் பங்கின் மறைக்கல்வி அறையை மாலையில் திறந்துவிட என்ன தடை? இருசக்கர வண்டி வைத்திருக்கும் நாம், வண்டியில்லாத அண்டை வீட்டுப் பெண்ணைத் தேர்வன்று காலை எட்டு மணிக்கே கொண்டுபோய்விட என்ன தடை? வாயிற்காவலரிடம் நாம் எதிர்பார்க்கும் இரக்கத்தில் பாதியை அதற்கு முந்திய ஓராண்டில் நாம் காட்டினால், அவரிடம் மன்றாடவேண்டியவர் தொகை குறையும்.

மற்றோர் இடம், கதவு அடைபட்டபின். விண்ணரசின் கதவைப் பற்றியது அவ்வுவமை. தென்னூரில் அடைபடும் கதவோ மீண்டும் திறக்கும் கதவு. பட்டயக் கணக்காளர் இறுதித் தேர்வே ஆண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை நடைபெறுகிறது. கதவு அந்த நாளைய நுழைவை மறுக்கிறதே அன்றி, அந்த மனிதரை மறுப்பதில்லை. அவர் கற்றது அவருள் இருக்கிறது. கலயத்து எண்ணெய் கவிழ்ந்துவிடவில்லை. இதை அவருக்குச் சொல்லவேண்டியவர்கள் நாம்தாம். ஆனால் நாம் பெரும்பாலும் சொல்வது வேறு: "எத்தனை பணம் கட்டினோம்", "பக்கத்து வீட்டுப் பையன் தேறிவிட்டான்", "ஊரார் முகத்தில் எப்படி விழிப்பது?" தேர்வு நடத்துவோர் அறிவை மட்டுமே அளந்தார்கள். நாமோ ஆளையே அளந்து தள்ளிவிடுகிறோம். தேர்வில் தோற்ற பிள்ளைகள் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகளைப் படித்துக் கண்கலங்கும் நாம், அவர்களைக் கடைசியாக நொறுக்கியது எந்தச் சொல் என்று நம்மையே கேட்டுப் பார்க்கவேண்டும்.

தேர்வருக்கு ஆயத்தம் வேண்டும் என்கிறோம். வீட்டாருக்கும் அது வேண்டும். வாயிலிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டோ, தாளைப் பாதி எழுதியோ ஒருவர் என்றேனும் நம் வீட்டுப் படியேறி வருவார். அன்று அவர் கேட்கப்போகும் முதற் சொல் நம்முடையது. அது எதுவாக இருக்கவேண்டும் என்பதை அந்த நாள் வருமுன்னரே நாம் முடிவு செய்து வைத்துக்கொள்வோம்.