பின்னால் நிற்பவருக்குப் பட்ட கடன்

சீடன்: ஐயா, சம்பளத் தகராறில் ஒருவர் வேலைக்கு வராமல் நின்றுவிடுகிறார். அவர் இல்லாத நாட்களில் வேறொருவர் அந்த வேலையைக் குறை சொல்ல முடியாதபடி செய்கிறார். பிறகு முதலாமவர் திரும்பி வருகிறார். இடம் யாருக்கு?

குரு: யாரை நினைத்துக் கேட்கிறாய்? ஆளைச் சொல். ஆள் தெரியாமல் நியாயம் பேசினால், இருவருக்கும் பொருந்துகிற மாதிரி ஏதாவது சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவேன்.

சீடன்: அமெரிக்கக் கால்பந்தில் லோகன் மேன்கின்ஸ். நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியின் இடது கார்ட். 2005-இல் முதல் சுற்றிலேயே அந்த அணி எடுத்துக்கொண்டவர். 2010 சீசன் தொடங்கியபோது அவர் வரவில்லை. முதல் ஏழு ஆட்டங்களில் அவர் இல்லை. அந்த ஏழில் அணி ஆறை வென்றது. அவர் இடத்தில் இறக்கப்பட்டவர் டான் கானலி. 2005 தேர்வில் எந்த அணியும் எடுக்காமல் விட்டவர். நவம்பர் தொடக்கத்தில் மேன்கின்ஸ் கையெழுத்துப் போட்டுத் திரும்பினார். அடுத்த ஆட்டத்திலேயே இடது கார்டாக இறங்கினார். எனக்கு அது அநியாயமாகப் படுகிறது.

குரு: இடது கார்டின் வேலை என்ன?

சீடன்: பந்தை வைத்திருக்கும் அணியில் பதினொரு பேர். அதில் ஐவர் முன்வரிசை. நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்ட், அவர்களுக்கும் வெளியே டேக்கிள். பந்தை எறியும் குவார்ட்டர்பேக் இவர்களுக்குப் பின்னால் நிற்பார். எதிரணி அவரைச் சாய்க்கப் பாய்ந்து வரும்போது ஐவரும் உடம்பைக் கொடுத்துத் தடுக்க வேண்டும். மேன்கின்ஸ் ஏறக்குறைய 140 கிலோ எடையுள்ளவர். முன்னோக்கி எறியும் பந்தைப் பிடிக்க விதி இவர்களை அனுமதிப்பதில்லை. அதனால் ஓடிய கெஜம், எடுத்த புள்ளி என்று இவர்கள் பெயரில் எதுவும் ஏறாது.

குரு: அவர்கள் தவறினால்?

சீடன்: குவார்ட்டர்பேக் அடிபடுவார். 2008-இன் முதல் ஆட்டத்தில் பேட்ரியட்ஸின் குவார்ட்டர்பேக் டாம் பிரேடியின் முழங்கால் தசைநார் கிழிந்தது. அந்த சீசன் முழுவதும் போயிற்று. அது முன்வரிசையின் தவறு என்று சொல்லவில்லை. ஒரே அடி என்ன செய்யும் என்பதற்குச் சொன்னேன்.

குரு: அப்படியென்றால் அந்த இடம் மேன்கின்ஸின் சொத்தும் இல்லை, கானலியின் சொத்தும் இல்லை. பிரேடிக்குப் பட்ட கடன் அது. பல்லக்குத் தூக்குகிறவர்களில் ஒருவர் கோபித்துக்கொண்டு போனார், வேறொருவர் தோள் கொடுத்தார், போனவர் திரும்பி வந்தார். யாருக்கு ரோஷம், யாருக்கு உரிமை என்று தூக்குகிறவர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். கால் இடறினால் விழப்போவது உள்ளே உட்கார்ந்திருப்பவர். அவர் இந்தத் தகராறில் எந்தப் பக்கமும் இல்லை.

சீடன்: விட்டுப்போனவருக்குத் தண்டனையே இல்லையா?

குரு: எந்தக் குற்றத்துக்கு?

சீடன்: கொடுத்த வாக்கை மீறியதற்கு.

குரு: அவர் என்ன வாக்குக் கொடுத்திருந்தார்? நீயே தேடிப் பார்த்திருப்பாய், சொல்.

சீடன்: ஐந்தாண்டு ஒப்பந்தம் 2009-உடன் முடிந்துவிட்டது. முந்தைய ஆண்டுகளின் விதிப்படி நான்கு ஆண்டு ஆடி ஒப்பந்தமும் முடிந்தவர் எந்த அணிக்கும் போகலாம். ஆனால் 2010, லீகுக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் இருந்த உடன்பாட்டின் கடைசி ஆண்டு. அணிகளின் சம்பளச் செலவுக்கு உச்சவரம்பு கிடையாது. அந்த ஆண்டுக்கு மட்டும் ஆறு ஆண்டு தேவை என்று இருந்தது. மேன்கின்ஸுக்கு ஐந்துதான் ஆகியிருந்தது. ஆகவே வெளியே போக முடியவில்லை. பேட்ரியட்ஸ் ஓராண்டுக்கு 32 லட்சத்து 68 ஆயிரம் டாலர் என்றது. அவர் கையெழுத்துப் போடவில்லை. ஜூன் மாதத்தில், விதி அனுமதித்தபடி, அணி அந்தத் தொகையைச் சுமார் 15 லட்சமாகக் குறைத்துவிட்டது.

குரு: கையெழுத்தே போடாதவர் எந்த வாக்கை மீறினார்? தன் உழைப்புக்கு ஒரு விலை கேட்டார். கொடுக்க மாட்டேன் என்றார்கள். விற்க மாட்டேன் என்றார். சந்தையில் ஒரு மனிதனுக்கு இருக்கும் மிகச் சாதாரணமான உரிமை இது. அதற்கு அவர் விலையும் கொடுத்தார்: பாதிக்கும் கீழே இறங்கிய சம்பளம், அதிலும் ஆடாத வாரங்களின் கூலி இல்லை. இதற்குமேல் இடத்தையும் பறிக்க வேண்டும் என்றால், கூலி பேசியதற்கே தண்டனை கொடுக்கிறாய்.

சீடன்: எல்லோரும் மேன்கின்ஸ் இல்லையே. 2023-இல் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸின் கிறிஸ் ஜோன்ஸ் ஒப்பந்தத்தில் இருந்தபடியே வராமல் நின்றார். முதல் ஆட்டத்தை மைதானத்தின் மேல்மாடத்தில் உட்கார்ந்து பார்த்தார். டெட்ராய்ட்டிடம் 21-20 என்று, ஒரே புள்ளியில் அணி தோற்றது. அது வாக்கு மீறல்தானே?

குரு: மீறல்தான். அதை இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஒப்பந்தத்தின் மறுபக்கத்தையும் வாசி. அந்த லீகில் உத்தரவாதம் இல்லாத ஆண்டுகளை, ஆளை நீக்கி, அணி நடுவிலேயே முடித்துக்கொள்ளலாம். ஆட்டக்காரருக்கு அப்படி ஒரு கதவு கிடையாது. ஒரு பக்கத்தை மட்டும் இறுக்கிக் கட்டிய வாக்கு அது. அந்த மீறலுக்கு அபராதம் உண்டு, சம்பள வெட்டு உண்டு. சரி, ஜோன்ஸ் திரும்பியபோது அவர் இடத்தைக் கொடுக்கலாமா என்று யாராவது கேட்டார்களா?

சீடன்: இல்லை. அடுத்த ஆட்டத்திலேயே ஆடினார். அந்த சீசனில் அணி லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை வென்றது.

குரு: ஏன் கேட்கவில்லை?

சீடன்: அவருக்கு ஈடு இல்லை என்பதால். அதுதான் என் மனத்தை உறுத்துகிறது ஐயா. ஈடில்லாதவருக்கு இடம் காத்திருக்கிறது. சாதாரண ஆள் நின்றால் அன்றே வெளியே போவார். நீங்கள் நியாயம் என்று சொல்வது வெறும் பலம்தானோ?

குரு: நல்ல இடத்தில் பிடித்தாய். பேரம் பேசும் சக்தி பலத்திலிருந்துதான் வருகிறது. அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. கானலி 2010-இல் வீட்டில் உட்கார்ந்திருந்தால் யாரும் அவர் வாசலைத் தட்டியிருக்கமாட்டார்கள். நிற்க முடிந்தவர் நின்றால்தான் கார்ட் என்ற வேலைக்கே விலை ஏறும். அந்த விலையைக் காட்டி அடுத்தவர் பேசலாம். ஆனால் பேரத்தில் பலம் செல்லுபடியாவதும், களத்தில் யாரை நிறுத்துவது என்பதும் வேறுவேறு கேள்விகள். முதல் கேள்வி அலுவலக அறையில் முடிந்துவிட வேண்டும். நீ இரண்டையும் ஒன்றாகக் குழைக்கிறாய்; பயிற்சியாளர்களும் அதைத்தான் செய்கிறார்கள்.

சீடன்: சரி, களத்தையே பேசுவோம். ஏழில் ஆறு வெற்றி. திரும்பி வந்த முதல் ஆட்டத்தில் கிளீவ்லாந்திடம் 34-14 என்று தோல்வி.

குரு: அன்று எதிரணியின் ஓட்டக்காரர் எவ்வளவு ஓடினார்?

சீடன்: பேட்டன் ஹில்லிஸ். 184 கெஜம்.

குரு: அவரைத் தடுப்பது மேன்கின்ஸின் வேலையா?

சீடன்: இல்லை. பந்து எதிரணியிடம் இருக்கும்போது அவர் வெளியே உட்கார்ந்திருப்பார்.

குரு: அதற்குப் பிறகு?

சீடன்: மிச்சமிருந்த எட்டு ஆட்டங்களிலும் வெற்றி. மொத்தம் 14 வெற்றி, 2 தோல்வி. ஏழு ஆட்டம் ஆடாதவரை அந்த ஆண்டின் சிறந்த அணியில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் சேர்த்தது.

குரு: அந்த எட்டு வெற்றியை நானும் எனக்குச் சாதகமாக எடுக்கமாட்டேன். ஜெட்ஸ் அணியிடம் தோற்றுத்தானே அந்த சீசன் முடிந்தது? பிரேடி அன்று ஐந்து முறை பந்தோடு சாய்க்கப்பட்டார். மேன்கின்ஸ் களத்தில் இருந்தபோதுதான். வெற்றி தோல்வியை வைத்து ஒரு கார்டை எடை போட முடியாது. கானலி ஏழு ஆட்டங்களில் நிரூபித்தது ஒன்று: இந்த வேலைக்கு அவர் போதும். போதுமானவர் என்பதும் மேலானவர் என்பதும் ஒன்றல்ல. யார் மேல் என்று தினமும் பயிற்சியில் பக்கத்தில் நின்று பார்க்கிறவருக்குத் தெரியும், அவர் சொல்லட்டும்.

சீடன்: அவர் தவறாகப் பார்த்தால்? பழைய பெயருக்கு மயங்கினால்?

குரு: மயங்கலாம். மேன்கின்ஸைத் தடுக்க ஒரே ஒரு கனமான காரணம் இருக்கிறது, நீ இன்னும் அதைத் தொடவில்லை. முன்வரிசை ஐந்து தனியாட்கள் இல்லை. எதிரே இருவர் குறுக்கே மாறி ஓடினால், ‘இவரை நீ எடு, அவரை நான் எடுக்கிறேன்’ என்று பக்கத்தில் இருப்பவருக்குக் கைமாற்ற வேண்டும், ஒரு நொடிக்குள். அந்தப் பழக்கம் வாரக்கணக்கில் ஒன்றாக ஆடி வருவது. பயிற்சி முகாமில் இல்லாதவரின் கண்ணிலும் காலிலும் அது குறைந்திருக்கும், மூச்சும் தாங்காது. ‘இவர் இன்னும் தயாராகவில்லை, இந்த வாரம் கானலி’ என்று பயிற்சியாளர் சொன்னால் ஒப்புக்கொள்வேன். ‘இவருக்குப் பாடம் புகட்ட வேண்டும், இந்த வாரம் கானலி’ என்றால் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

சீடன்: இரண்டிலும் நடப்பது ஒன்றுதானே?

குரு: இல்லை. முதலாவதில் காவல் காக்கப்படுவது பிரேடி. இரண்டாவதில் பிரேடியின் முழங்காலைப் பணயம் வைத்து நிர்வாகத்தின் கோபம் தீர்க்கப்படுகிறது.

சீடன்: கூட ஆடுகிறவர்களின் மனம்? 2018-இல் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் ஓட்டக்காரர் லெவியான் பெல் வராமல் நின்றபோது, அவருக்கு வழி திறந்துவிட்ட முன்வரிசைக்காரர்களே வெளிப்படையாகப் பேசினார்கள். அவர் அந்த சீசன் முழுவதும் வரவே இல்லை. ஜேம்ஸ் கானர் அந்த இடத்தில் ஓடினார்.

குரு: அவர்கள் மனம் புண்பட்டது நிஜம். உடம்பைக் கொடுக்கிறவர்கள், ஊதியம் குறைந்தவர்கள். தங்களோடு நிற்க வேண்டியவர் நிற்கவில்லை என்று தோன்றும். நான் அவர்களைக் குறைத்துப் பேசமாட்டேன். ஆனாலும் கூலிப் பேச்சு முறிந்தால் முறித்தவர்கள் இரண்டு பேர். கோபம் ஏன் எப்போதும் பக்கத்தில் நிற்கும் தொழிலாளியின் மேலேயே விழுகிறது? ஓர் அணி ஆளை நீக்கினால் ‘இது தொழில்’ என்கிறோம். ஆள் நின்றால் ‘துரோகம்’ என்கிறோம். எனக்கு இதில் வருத்தம் உண்டு.

சீடன்: மேன்கின்ஸ் திரும்பி வந்ததே கணக்குக்காக என்றும் சொல்வார்கள். ஆறு ஆட்டங்களாவது பட்டியலில் இருந்தால்தான் அந்த ஆண்டு அவர் ஆடிய ஆண்டாகக் கணக்கில் ஏறும்.

குரு: இருக்கட்டும். அதற்காகவே வந்திருக்கலாம். வந்தபின் தடுத்தாரா?

சீடன்: தடுத்தார். 2011 ஆகஸ்டில் ஆறு ஆண்டு ஒப்பந்தம் கிடைத்தது, 5 கோடியே 10 லட்சம் டாலர். அந்த சீசனின் முதல் ஆட்டத்தில் முழங்கால் தசைநார் கிழிந்தும், ஏறக்குறைய சீசன் முழுவதும் அந்தக் காலோடு ஆடினார். பிற்பாடுதான் வெளியே தெரிந்தது. இதைவிட விசுவாசத்துக்குச் சான்று வேண்டுமா?

குரு: அதைச் சான்றாக வைக்காதே. கிழிந்த காலோடு ஆடியதால் அவர் முன்பு கேட்ட கூலி நியாயமாகிவிடவில்லை. ஆடாமல் ஓய்வெடுத்திருந்தாலும் அது நியாயம்தான். அந்தச் செய்தி எனக்குச் சொல்வது வேறு: இந்தத் தொழில் உடம்பிலிருந்து எதை எடுத்துக்கொள்கிறது என்பதை. அப்படி எடுக்கும் தொழிலில், உடம்பு நன்றாக இருக்கும் சில ஆண்டுகளில் விலை பேசாமல் எப்போது பேசுவது? அவரை அணி கடைசிவரை வைத்திருந்ததா?

சீடன்: 2014 ஆகஸ்டில், சீசன் தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பு, டாம்பா பே அணிக்கு மாற்றிவிட்டார்கள். அந்த சீசனில்தான் பேட்ரியட்ஸ் சூப்பர் பவுலை வென்றது. மேன்கின்ஸுக்கு அது கிடைக்கவே இல்லை. அந்த இறுதி ஆட்டத்தில் இடது கார்டாக நின்றவர் யார் தெரியுமா ஐயா? டான் கானலி.

குரு: ஓ.

சீடன்: 2010-இலும் அவர் காணாமல் போகவில்லை. அந்த சீசனிலேயே வலது கார்ட் காயப்பட, அங்கே ஆடினார். டிசம்பரில் கிரீன் பே அணியோடு ஆடும்போது எதிரணி உதைத்த பந்து தற்செயலாக அவரிடம் வந்தது. அத்தனை பெரிய உடம்போடு 71 கெஜம் ஓடினார். முன்வரிசைக்காரர் எவரும் உதைப்பந்தை எடுத்து அவ்வளவு தூரம் ஓடியதில்லை.

குரு: அதைக் கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் இதை வைத்து ‘பார், கடைசியில் எல்லாம் சரியாகிவிட்டது’ என்று என்னிடம் சொல்லாதே. கானலிக்கு வேறு இடம் கிடைத்தது இன்னொருவரின் காயத்தால். இடமே கிடைக்காமல் போன பதிலாட்கள் எத்தனை பேரோ. நான் சொன்ன நியாயம் அவர்கள் முகத்துக்கு நேராகவும் நிற்க வேண்டும்.

சீடன்: நிற்குமா? மேன்கின்ஸ் வந்த அன்று காலையில் பயிற்சியாளர் கானலியிடம் என்ன சொல்லியிருக்க வேண்டும்?

குரு: பட்டியலை ஒட்டிவிட்டுப் போகக் கூடாது. கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்ல வேண்டும்: ‘நீ தவறவில்லை. உன்னை விட அவர் அந்த இடத்தில் மேல் என்று நினைக்கிறேன். இன்ன இன்ன காரணம். தவறாக நினைத்தேன் என்று தெரிந்தால் மாற்றுவேன். நீ ஆடிய ஆட்டங்கள் உன் பெயரில் இருக்கின்றன. உன் அடுத்த ஒப்பந்தம் பேசும்போது அவற்றை எடுத்து வை, நான் ஆமாம் என்பேன்.’

சீடன்: கானலி அதை ஏற்றுக்கொள்ள வேண்டுமா?

குரு: வேண்டியதில்லை. கோபப்படலாம். என் இடத்தில் இவன் ஏன் என்று கேட்கலாம். பயிற்சியாளர் அதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும். அவருக்கு அடுத்த ஒப்பந்தம் வந்ததா?

சீடன்: வந்தது. 2012-இல், அதே அணியோடு, மூன்று ஆண்டுக்கு.

குரு: அதற்கு அவர் பேரம் பேசினாரா?

சீடன்: அது தெரியாது ஐயா.

குரு: பேசியிருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.