குடத்தினுள் புகுந்த விளக்கு

எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு முன் நோயாளியின் கைச் சிரையில் ஏற்றப்படும் காண்ட்ராஸ்ட் மருந்துகளுள் பெரும்பாலானவற்றின் உட்பொருள் கடோலினியம் என்னும் அருமண் தனிமம் ஆகும். 1880இல் சுவிட்சர்லாந்து வேதியியலாளர் மாரிஞாக் கண்டறிந்த இத்தனிமத்தின் அயனியில் ஏழு எலெக்ட்ரான்கள் இணையின்றித் தனித்து நிற்பதால், வலிய காந்தப்புலத்தில் அது தன்னை அண்டிய நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்களை விரைந்து இயல்நிலைக்குத் திரும்பச் செய்கிறது. அவ்விடம் படத்தில் வெண்மையாகத் தெரிகிறது. ஒளிர்வது உலோகமும் அன்று, கட்டியும் அன்று, அருகிலிருக்கும் நீரே. மூளையில் இரத்தக் குழாய்களுக்கும் திசுவுக்கும் இடையிலுள்ள காப்புத் தடை முறிந்த இடத்தில் மட்டுமே மருந்து கசியும் என்பதால், வெண்மையிலிருந்து கசிவையும் கசிவிலிருந்து நோயையும் மருத்துவர் உய்த்துணர்கிறார். இவ்வறிவு எவ்வகை அறிவு என்னும் வினா இங்கே எழுகிறது.

மெய்யறிவுக்கு வாயிலாக அமைவதை அளவை என்பர். 1906இல் மயிலாப்பூரில் தொடங்கப்பெற்ற சென்னை சமஸ்கிருதக் கல்லூரியின் முதல்வராக விளங்கிய குப்புசாமி சாஸ்திரி, நியாய நூலார் கொண்ட நான்கு அளவைகளை 1932இல் வெளிவந்த தம் இந்திய தருக்க நூலில் விளக்கினார். அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியாரோ பல்வேறு அளவைகளையும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்குகிறது. ஒரே ஸ்கேன் படம் இம்மூன்றாகவும் நிற்பது கருதத்தக்கது. தியாகராய நகரின் ஸ்கேன் மையத்திலிருந்து பெரிய உறையைக் கையில் வாங்கும் குடும்பத்தார் அதனைக் காண்டலாகவே எண்ணுகின்றனர். கதிரியல் மருத்துவருக்கு அது கருதல். அவர் எழுதித் தரும் அறிக்கையை நம்பிச் சிகிச்சைக்கு உடன்படும் நோயாளிக்கு அது உரையேயன்றி வேறன்று.

கருதலுக்குப் புகையும் நெருப்பும் போன்ற, என்றும் பிழையாத உடனிகழ்ச்சி வேண்டும். மணிமேகலை எடுத்துரைக்கும் போலி ஏதுக்களுள் ஒன்றான அநைகாந்திகம் என்பது, சாதிக்க வேண்டிய பொருள் உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் ஒருங்கே காணப்படும் ஏதுவைக் குறிக்கும். மூளையில் வளையமாக ஒளிரும் புண் இதற்குத் தக்க சான்று. அது புற்றாகலாம், சீழ்க்கட்டியாகலாம். இந்நாட்டில் மிகுதியாகக் காணப்படும் காசநோய்க் கட்டியாகவோ நாடாப்புழுவின் இளம்பருவம் தங்கிய கட்டியாகவோ இருப்பதும் உண்டு. வளையம் என்னும் ஏது ஒன்றே எந்நோயையும் நிறுவப் போதாது.

கருதலை விட்டு நேரடிக் காண்டலையே நாடலாமே எனில், அடையாற்றை நினையாதிருக்க இயலாது. அங்குள்ள பிரம்மஞான சபையின் அன்னி பெசன்ட்டும் லெட்பீட்டரும் 1908இல் வெளியிட்ட ‘ஆக்கல்ட் கெமிஸ்ட்ரி’ என்னும் நூல், தனிமங்களின் அணுக்களை அகக்காட்சியால் நேரே கண்டதாக உரிமை கோரியது. யோகியின் காட்சியை நியாய நூலாரும் ஒப்புக்கொண்டவர்களே எனினும், பிறர் சோதித்துப் பார்க்க வழியில்லாத காட்சி மருத்துவத்துக்கு உதவாது.

அளவையை விளக்கோடு ஒப்பிடுவது பழைய மரபு. குடத்தைக் காட்டும் விளக்கு தன்னைக் காட்டப் பிறிதொரு விளக்கை வேண்டாதது போல அளவையும் நிறுவப்படும் என்று நியாய சூத்திரம் வாதிடுகிறது. விளக்கால் குடத்துக்கு ஊறு நேருமோ என்பது அவ்வாதத்தில் எழவேயில்லை. கடோலினியமோ குடத்தின் உள்ளேயே புகுந்த விளக்கு. அதன் தனி அயனி அளவில் கால்சியம் அயனியை ஒத்திருப்பதால் உயிரணுக்களின் கால்சியம் வாயில்களை அடைக்கிறது. ஆய்வுக்கூடங்களில் உயிரணுச் சவ்வின் இழுவிசை உணரும் வாயில்களை அடைத்து ஆராய இத்தன்மையே பயன்படுகிறது. மனித உடலில் அது நஞ்சாதலின், கரிம மூலக்கூறொன்று அதனை இறுகப் பற்றிச் சிறுநீர்வழி வெளியேற்றும்படி மருந்து அமைக்கப்படுகிறது. சிறுநீரகம் கடுமையாகச் செயலிழந்தவர்களுக்குத் தோலும் உள்ளுறுப்புகளும் தடித்து இறுகும் நோய்க்கும் இம்மருந்துக்கும் உள்ள தொடர்பு 2006இல் வெளிப்பட்டது. ஸ்கேனுக்கு முன், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவு கேட்கப்படுவது அதனாலேயே.

2014இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், காண்ட்ராஸ்ட் ஏற்றாமல் எடுத்த படங்களிலேயே, முன்பு பலமுறை அம்மருந்து பெற்றவர்களின் மூளையில் சில பகுதிகள் ஒளிர்வதைக் கண்டனர். விளக்கு தன்னைத் தானே காட்டிக்கொண்டது எனலாம். ஆயினும் இறந்தோரின் மூளைத் திசுவில் உலோகத்தை நேரடியாக அளந்த பிறகே ஐயம் நீங்கியது. ஓர் அறிவின் உண்மை பிறிதொன்றால் நிறுவப்படும் என்னும் நியாயக் கொள்கைக்கே, அறிவு தன்னாலேயே மெய்ப்படும் என்ற மீமாம்சைக் கொள்கைக்கன்று, இந்நிகழ்ச்சி அரண் செய்கிறது. படிந்த உலோகத்தால் மூளைக்குத் தீங்கு நேர்ந்ததாக நிறுவப்படாத நிலையிலும், 2017இல் ஐரோப்பிய மருந்து ஆணையம் உலோகத்தைத் தளர்வாகப் பற்றும் நேர்சங்கிலி வகை மருந்துகள் சிலவற்றை நிறுத்திவைக்கப் பரிந்துரைத்தது. நியாய நூலாரின் பதினாறு பதார்த்தங்களுள் ஐயம் மூன்றாவது, பயன் நான்காவது. மறுபடியும் காண்ட்ராஸ்ட் ஏற்றும் முன், அதனால் சிகிச்சையில் எது மாறப்போகிறது என்று மருத்துவர் கேட்கும் கேள்வியும் அவ்வரிசையிலேயே வருகிறது.