கொசுறு

காய்கறிக்காரி கறிவேப்பிலை கொடுக்கும் அழகை நீங்கள் கவனித்திருப்பீர்கள். கத்தரிக்காயைத் தராசில் நிறுக்கும்போது அவள் முகத்தில் இருக்கும் கண்டிப்பு, கறிவேப்பிலைக்குக் கை நீட்டும்போது எங்கோ போய்விடும். ஒரு கொத்தை ஒடித்துப் பையின் மேலாகச் செருகிவிட்டு, "போய்ட்டு வாங்க" என்பாள். அதற்குப் பெயர் கொசுறு. அதை நீங்கள் ரசத்தில் போடலாம்; அடுத்த வீட்டுக்குக் கொடுக்கலாம்; வாடவிட்டு எறிந்தும் விடலாம். "நான் கொடுத்த கறிவேப்பிலையை ஏன் அடுத்த வீட்டுக்குக் கொடுத்தீர்கள்?" என்று எந்தக் காய்கறிக்காரியும் வீடு தேடி வந்து கேட்டதில்லை.

அப்படிக் கேட்டால் என்ன ஆகும் என்று யோசிக்க எனக்கு ஒரு சந்தர்ப்பம் வாய்த்தது. 2023-ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அதற்கு முந்தின வருஷம் அவள் கணவர் காலமானார். உடனே போக முடியவில்லை. ஓராண்டு கழித்துப் போய் நின்றபோது துக்கம் விசாரிக்கும் பருவம் கடந்து, பொருள்களை ஒழுங்கு செய்யும் பருவம் வந்திருந்தது. துக்கத்தில் அதுதான் கடினமான பகுதி என்று எனக்குத் தோன்றுகிறது. அழுவதற்கு ஆள் துணை கிடைக்கும். அலமாரியைக் காலி செய்ய யார் துணை வருவார்கள்?

மாப்பிள்ளைக்கு சினிமாப் பைத்தியம். சுவர் முழுவதும் அலமாரி அடித்து, 240 படங்களைத் தகடுகளாக அடுக்கி வைத்திருந்தார். டிவிடி கொஞ்சம், பெரும்பாலும் புளூரே. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் வாங்கிய தேதியைச் சிறிய எழுத்தில் குறித்திருந்தார். பெட்டியைத் திறந்தால் தகட்டுக்கு எதிர்ப்புறம் ஒரு காகிதச் சீட்டு. அதில் எழுத்தும் எண்ணுமாகக் கலந்து ஒரு சங்கேதம். அதன் குறுக்கே பேனாவால் ஒரு கோடு.

அந்தச் சீட்டுத்தான் நான் சொல்ல வந்த கொசுறு. தகட்டை வாங்கினால் அதே படத்தின் டிஜிட்டல் பிரதி ஒன்றும் உங்களுக்கு உண்டு என்று அமெரிக்கப் படக் கம்பெனிகள் 2008 வாக்கில் விளம்பரம் செய்யத் தொடங்கின. ஆரம்பத்தில் அது ஒரு பொருளாகவே இருந்தது. பெட்டியில் இன்னொரு தகடு இருக்கும். அதிலிருந்து படத்தைக் கம்ப்யூட்டருக்குள் இறக்கிக்கொள்ள வேண்டும். 2011-ல் அல்ட்ராவயலட் என்ற ஏற்பாடு வந்தது. அதன் பிறகு வீட்டுக்கு எதையும் இறக்கவேண்டிய அவசியமில்லாமல் போயிற்று. சீட்டில் உள்ள சங்கேதத்தைப் பதிந்தால், "இந்தப் படம் இன்னாருக்கு உண்டு" என்று எங்கோ ஒரு கணக்கில் ஏறிவிடும். டெலிவிஷனிலும் டெலிபோனிலும் வேண்டும்போது பார்க்கலாம். பொருளாக இருந்த கொசுறு, இப்படிச் சத்தமில்லாமல் அனுமதியாக மாறிற்று. அந்த மாற்றத்தை அன்று யாரும் பெரிதாக நினைக்கவில்லை. சௌகரியம் கூடினால் யார் கணக்குக் கேட்கிறார்கள்?

அந்தச் சௌகரியத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். மாப்பிள்ளை மாதத்தில் பாதி நாள் வெளியூரில் கழித்தவர். ஹோட்டல் அறையில் படுத்துக்கொண்டு, வீட்டு அலமாரியில் இருக்கும் படத்தை டெலிபோனில் பார்ப்பார். அதே நேரத்தில் தங்கையும் வீட்டில் அதே படத்தைப் போடுவாளாம். "சேர்ந்து பார்த்த மாதிரி இருக்கும், அண்ணா" என்றாள். சீட்டு உள்ள பெட்டி, சீட்டு இல்லாத பெட்டியைவிடச் சில டாலர் அதிகம் என்றாலும் அவர் சீட்டு உள்ளதைத்தான் வாங்குவார். அந்தச் சில டாலர் வீண் என்று நான் எப்படிச் சொல்வேன்?

ஒரு நாள் மாலை தங்கை என்னைக் கேட்டாள்: "இந்தத் தகடுகளை ஊர் நூலகத்துக்குக் கொடுத்துவிடலாமா என்று பார்க்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம். அவர் எல்லாச் சீட்டையும் பதிந்துவிட்டார். படமெல்லாம் அவர் கணக்கில் இருக்கிறது. ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்றைக் கொடுத்தால் திருட்டு ஆகாதா?"

நான் சிரித்துக்கொண்டே, "தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பானேன்?" என்றேன்.

"தானம் என்று யார் சொன்னது? கூடுதல் பணம் கொடுத்தல்லவா வாங்கினார்?" என்று அவள் திருப்பினாள். பிறகு உள்ளே போய் ஒரு கடிதத்தை எடுத்து வந்தாள். அந்தக் கணக்கைத் தன் பெயருக்கு மாற்றித் தரும்படி அவள் எழுதிக் கேட்டிருக்கிறாள். பதில் மிகவும் மரியாதையாக இருந்தது. அனுதாபம் முதல் வரியில். கணக்கும் அதில் உள்ள உரிமைகளும் அன்னாருக்கு மட்டுமே அளிக்கப்பட்டவை, பிறர் பெயருக்கு மாற்ற இயலாது என்பது இரண்டாவது வரியில். டெலிவிஷனில் மட்டும் படங்கள் அவர் பெயரில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன, யாரும் நிறுத்தவில்லை.

"என் வீட்டிலேயே நான் திருட்டுத்தனமாகப் படம் பார்க்கிற மாதிரி இருக்கிறது" என்றாள் தங்கை.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நம் ஊரில் பழைய கிரயப் பத்திரங்களை நீங்கள் படித்திருந்தால் ஒரு வாசகம் ஞாபகம் வரும்: "புத்திர பௌத்திர பாரம்பரியமாயும், தானாதி வினிமய விற்கிரயங்களுக்கு யோக்கியமாயும்" ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்று எழுதுவார்கள். சின்ன வயதில் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். இப்போது புரிகிறது, அந்தப் பத்திர எழுத்தர்கள் எவ்வளவு கெட்டிக்காரர்கள் என்று! ஒரு பொருள் உனக்குச் சொந்தம் என்றால் என்ன அர்த்தம்? நீ அதைத் தானம் கொடுக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம், உன் பிள்ளைக்கு விட்டுப் போகலாம். இவையெல்லாம் இல்லாமல் அனுபவிக்க மட்டும் முடியும் என்றால் அதற்கு வேறு பெயர்கள் உண்டு. குத்தகை என்போம்; ஒத்தி என்போம். கிரயம் என்று சொல்லமாட்டோம்.

அமெரிக்கர்களும் இதை அறியாதவர்கள் அல்லர். பாப்ஸ்-மெரில் என்ற புத்தகக் கம்பெனி 'தி காஸ்ட்அவே' என்று ஒரு நாவல் வெளியிட்டது. ஒரு டாலருக்குக் குறைத்து யாரும் விற்கக் கூடாது, விற்றால் பதிப்புரிமையை மீறியதாகும் என்று புத்தகத்துக்குள்ளேயே அச்சிட்டது. நியூயார்க்கில் மேஸி கடைக்காரர்கள் அதை 89 சென்ட்டுக்கு விற்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1908-ல் தீர்ப்பு: ஒரு பிரதியை விற்ற பிறகு அந்தப் பிரதியின் மேல் கம்பெனியின் அதிகாரம் தீர்ந்தது, உள்ளே ஒரு வாக்கியத்தை அச்சிட்டுவிட்டால் அது வாங்கியவனைக் கட்டாது. அந்த நாட்டில் பழைய புத்தகக் கடைகளும் வாடகைத் தகட்டுக் கடைகளும் இந்த நியாயத்தின் நிழலில்தான் வாழ்ந்தன.

நூற்றுப் பத்து ஆண்டுகள் கழித்து அதே சண்டை சீட்டின் பேரில் மூண்டது. ரெட்பாக்ஸ் என்று ஒரு நிறுவனம் இருந்தது. 2024-ல் திவாலாகி மூடிவிட்டார்கள். கடை வாசல்களில் இயந்திரப் பெட்டிகளை வைத்துத் தகடுகளை வாடகைக்கு விட்ட நிறுவனம் அது. அவர்கள் டிஸ்னி கம்பெனியின் படப்பெட்டிகளைக் கடையில் விலை கொடுத்து வாங்கி, தகட்டை வாடகைக்கு விட்டு, சீட்டைத் தனியாக விற்றார்கள். சீட்டு தனியாக விற்பதற்கல்ல என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறதே என்று டிஸ்னி 2017 கடைசியில் வழக்குத் தொடுத்தது. 2018 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் நீதிபதி தடை விதிக்க மறுத்தார். பெட்டியின் மேல் ஒரு வரி போட்டால் அது ஒப்பந்தம் ஆகிவிடாது என்றார். அதோடு இன்னொன்றும் சொன்னார். தகடு கையில் இருப்பவர்தான் டிஜிட்டல் பிரதியைப் பார்க்கலாம் என்று கம்பெனி நிபந்தனை போட்டிருந்தது. அப்படியானால், சட்டப்படி தன் தகட்டை விற்க உரிமை உள்ளவன், விற்றால் மற்றதை இழக்கிறான். ஒரு கையால் கொடுத்த உரிமையை மறு கையால் தடுப்பது முறையல்ல என்பது அவர் கருத்து.

டிஸ்னி நிபந்தனைகளை மாற்றி எழுதிக்கொண்டு திரும்பி வந்தது. அதே நீதிபதி, அதே ஆண்டு ஆகஸ்டில், சீட்டைத் தனியாக விற்கக் கூடாது என்று தடை வழங்கினார். புதிய நிபந்தனைகளில் தகட்டை வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சீட்டு என்பது ஒரு பிரதி அல்ல, பிரதி எடுத்துக்கொள்ள அனுமதி. அனுமதியை விற்க முடியாது.

இந்த இரண்டு தீர்ப்புகளும் ஒன்றுக்கொன்று முரண் என்று மேலோட்டமாகத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கம்பெனியைப் பார்த்து அவர் கேட்டது ஒரே கேள்விதான் என்று நினைக்கிறேன்: நீங்கள் கொடுத்தது ஒன்றா, இரண்டா? ஒரே பொருளின் இரண்டு வடிவம் என்றால் தகடு போகிற இடத்துக்கு மற்றதும் போகட்டும். தகட்டைப் போலவே அதுவும் மனைவிக்கும் மகனுக்கும் சேரட்டும். இரண்டு தனித்தனிப் பொருள் என்றால் ஒன்றைக் கொடுத்துவிட்டு ஒன்றை வைத்துக்கொள்கிறவனைத் திருடன் என்று சொல்லாதீர்கள். விலை வாங்கும்போது இரண்டு, கொடுத்துவிட்டுப் போகும்போது ஒன்று என்றால் தராசில் ஏதோ தவறு இருக்கிறது.

மறுநாள் காலையில் தங்கையிடம் இதைச் சொன்னேன். தகடுகளைத் தாராளமாகக் கொடு, அதில் பாவம் இல்லை என்றேன். கணக்கையும் வைத்துக்கொண்டு படம் பார் என்றேன். "பத்து வருஷம் உங்கள் இருவர் சம்பாத்தியத்தில் வாங்கியது. புருஷன் பெயரில் இருப்பதைப் பெண்சாதி பார்த்தால் எந்தத் தர்மசாஸ்திரம் கோபித்துக்கொள்ளும்?"

அவள் சமாதானம் அடையவில்லை. "இல்லை என்று அவர்கள் எழுதிவிட்டார்கள். இல்லை என்று சொன்னதை நான் ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்?" என்றாள். அன்று மத்தியானம் டெலிவிஷனில் அந்தக் கணக்கிலிருந்து தானே வெளியேறினாள். ஒரு பொத்தானை அழுத்தியதும் அவர் பெயர் திரையிலிருந்து மறைந்தது. இதில் அவள் செய்தது சரி என்று நான் இன்றும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அவள் குரலில் இருந்த ரோஷம் எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு அலமாரியிலிருந்து பதினொரு தகடுகளை எடுத்துத் தனியே வைத்தாள். மற்றவை நூலகத்துக்குப் போயின. அங்கே நன்கொடையாக வரும் புத்தகங்களையும் தகடுகளையும் குறைந்த விலைக்கு விற்று அந்தப் பணத்தை நூலகத்துக்கே செலவிடுவார்கள். விற்பனையன்று நானும் போயிருந்தேன். சிறுவன் ஒருவனுடன் வந்த ஓர் அம்மாள், மாப்பிள்ளையின் பெட்டி ஒன்றைத் திறந்து, கோடு போட்ட சீட்டைக் காட்டி, "இது செல்லுமா?" என்று தங்கையைக் கேட்டாள். "செல்லாது" என்றாள் தங்கை. "தகடு ஓடுமல்லவா?" "ஓடும்." அந்த அம்மாள் ஒரு டாலர் கொடுத்துவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

கொசுறினால் மதிப்புக் கூடுகிறதா என்று யாராவது என்னைக் கேட்டால், கூடுகிறது என்றே சொல்வேன். ஹோட்டல் அறையில் தனியாகக் கிடந்த ஒரு மனிதருக்கும், வீட்டில் தனியாக இருந்த அவர் மனைவிக்கும், ஒரே படத்தைச் சேர்ந்து பார்க்க அது உதவியிருக்கிறது. அதற்குச் சில டாலர் அதிகமல்ல. ஆனால் அது அவர் உயிரோடு இருந்தவரைக்கும்தான் மதிப்பு. கம்பெனி உயிரோடு இருக்கும்வரை என்றும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அல்ட்ராவயலட் 2019 ஜூலை 31-ஆம் தேதியோடு மூடப்பட்டது. அதற்குள் படங்களை வேறு கடைக் கணக்கோடு இணைத்துக்கொள்ளுங்கள் என்று அறிவித்தார்கள். மாப்பிள்ளை இரண்டு இரவு கண் விழித்து அந்த வேலையைச் செய்தாராம். புளூரே தகட்டுக்காக அவர் ஒரு நாளும் அப்படிக் கண் விழிக்கவில்லை. தகடும் கீறும், கெடும் என்பது வாஸ்தவம். ஆனால் கெட்டால் அது நம் வீட்டில், நம் கண் முன்னால் கெடும்.

நான் கதை எழுதிப் பிழைப்பவன். எனக்குச் சொல்தான் முக்கியம். கலிபோர்னியாவில் 2024-ல் ஒரு சட்டம் செய்தார்கள்; 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. வாங்கியவரிடம் நிலையாகத் தங்காத டிஜிட்டல் படத்தையோ பாட்டையோ விற்கிறவர், கொடுப்பது வெறும் அனுமதிதான் என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குங்கள்' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்தபோது தங்கைக்கு டெலிபோன் செய்து சொன்னேன். "அவர் காலத்தில் இந்தச் சட்டம் இருந்திருந்தால் சீட்டுப் பெட்டிக்குப் பதில் சாதாரணப் பெட்டியை வாங்கியிருப்பாரோ?" என்று கேட்டேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "இல்லை அண்ணா, சீட்டுப் பெட்டியைத்தான் வாங்கியிருப்பார். ஆனால் தெரிந்து வாங்கியிருப்பார்" என்றாள்.